மறுபடி வருவீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவள் நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், போக்குவரத்து வாரியத்தின் பத்தொன்பதாம் மாடியில், ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கிச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், அந்தச் சீவிய பனிக்கட்டி இனிப்பு, வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லோகேஸ்வரி. கோலாலம்பூரில் வேருக்கு விளக்குநராக வேலை பார்க்கிறேன். வேர் என்பது நம் ஆட்கள் கூப்பிடும் பெயர். அரசாங்கம் வைத்த பெயர் ஆக்கார். மலாயில் அதற்கும் வேர் என்றுதான் அர்த்தம். தலைநகரத்தில் இன்றைக்கு ஓடுகிற ஒவ்வொரு ரயில் பெட்டியையும், ஒவ்வொரு சுரங்கத்தையும், ஒவ்வொரு நிலையத்தையும் அதுதான் நடத்துகிறது. நடத்துகிறது என்பதைவிட வளர்க்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கே வழி வேண்டும் என்று அதற்குத் தோன்றுகிறதோ அங்கே தரைக்குள் இயந்திரங்களை அனுப்பித் தோண்டும். அந்த இயந்திரங்களுக்கு ஊரார் வைத்த பெயர் பெருச்சாளி. எங்கே வழி வேண்டாமோ அங்கே தண்டவாளத்தைப் பிடுங்கி வேறிடத்தில் போட்டுக்கொள்ளும். மனிதர் யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று சட்டம். கை வைத்த காலத்தில் என் பேட்டைக்கு ஒன்று, உன் பேட்டைக்கு ஒன்று என்று ஆளாளுக்கு இழுத்து, நகரமே காடிகளில், அதாவது கார்களில், சிக்கி மூச்சுத் திணறியதால் வந்த சட்டம். இப்போது ஆம்புலன்ஸ், தனி அனுமதி வாங்கிய வேன் தவிர நகரத்துக்குள் காடியே கிடையாது. வேரை விட்டால் கால்தான்.

அது எடுக்கும் முடிவை மக்களுக்குப் புரியும்படி சொல்வது என் வேலை. திட்டு வாங்குவதும் அதே வேலையில் அடங்கும்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஆரம்பத்தில் வேர் தலையை மட்டும்தான் எண்ணியது. காலையில் எங்கே கூட்டம் போகிறதோ அங்கேயே மேலும் மேலும் வழி போட்டது. தொழிற்சாலைக்கு ஏழு தடம், ஏரிக்கரைக்கு ஒன்றும் இல்லை. "கூட்டம் ஆசைப்பட்டா ஆபீசுக்குப் போகிறது? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றேன். அன்றிலிருந்து, எந்த இடத்துக்குப் போனாலும், திரும்பி வீட்டுக்குக் கிளம்பி நிலையத்துக்குள் நுழையும்போது கதவு கேட்கும்: 'இங்கே மறுபடி வருவீர்களா?' பச்சையை அமுக்கினால் வருவேன், சிவப்பை அமுக்கினால் வரமாட்டேன். அவ்வளவுதான். நகரமே மாறிப்போனது. ஏரிக்கரைக்குத் தடம் வந்தது, பூப்பந்து மண்டபங்களுக்கு வந்தது, பிள்ளைகள் தாய் வீட்டுக்குப் போகிற அடுக்கு வீடுகளுக்கெல்லாம் வந்தது. எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை புக்கிட் மெலூர் அறிவிப்பு வந்தது.

புக்கிட் மெலூர் நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு மேடு. அங்கே இருப்பது ஒரே ஒரு கட்டடம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் சென்டர். தர்ம சென்டர், இருபது படுக்கை. அதன் வாசலில் இருந்த ரயில் நிலையத்தை முப்பது நாளில் எடுத்துவிடப் போவதாக வேர் அறிவித்திருந்தது. முப்பதாம் நாள் மட்டும் கதவில் சொல்லப்படும் பதில்களைக் கணக்கில் எடுக்கும். பாதிக்கு மேல் பச்சை என்றால் நிலையம் இருக்கும். இல்லையென்றால் பெருச்சாளி வரும்.

நான் போய் இறங்கி, சென்டர் வாசலை எட்டியதும் ஒரு பெண் வழியை மறித்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் பிளாஸ்க், தோளில் போர்வை.

"நீங்கதான் விளக்கம் சொல்ற அம்மாவா?"

"ஆமாம்மா."

"அப்ப விளக்கம் சொல்லுங்க. அடுத்த ஸ்டேஷன் ரெண்டரை கிலோமீட்டர் கீழ இருக்கு. நாலு மணி நேரம் மெஷின்ல படுத்து எந்திரிச்ச மனுசன் அந்த வெயில்ல எப்படி நடப்பாருன்னு சொல்லுங்க. வாரத்துல மூணு நாளு. நானு தூக்கிக்கிட்டு நடக்கவா?"

"கோகிலா, விடு. அவங்க பசியாறிட்டு வந்தாங்களோ என்னமோ" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அது அவள் கணவர் தனசேகர். ஒல்லியான மனிதர், இடது கை முழுக்க ஊசி குத்திக் குத்தி வீங்கிய நரம்பு. முன்பு லோரி ஓட்டியவராம். "வாங்க மேடம், உக்காருங்க. இவ இப்படித்தான். பழைய ஹைவேயில மூணு மணி நேரம் ஜாம்ல உக்காந்து பழகுனவன் நானு. இந்த மெஷின் எனக்கு ஜுஜுபி. ஆனா நடக்கறதுதான் முடியாது, கால் செத்துப்போயிரும்."

"பேச்சப் பாரு, செத்துப்போயிரும் கித்துப்போயிரும்னு! வாயக் கழுவுங்க!" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள் கோகிலவாணி.

அந்த அடியிலேயே எனக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

சென்டரை நடத்துகிற நர்ஸ் ஷர்மினி, நோயாளிகளுக்கு வேன் விடச் சொல்லி மனு போட்டிருப்பதாகச் சொன்னாள். "பதில் வர ஆறு மாசம் ஆவும்னு சொல்றாங்கக்கா. அதுக்குள்ள பாதிப் பேரு வராம நின்னுருவாங்க. நின்னா என்ன ஆவும்னு உங்களுக்கே தெரியும்." தெரியும். நாலு நாள் சுத்திகரிப்பு இல்லாமல் இருந்தால் உடம்பே விஷமாகிவிடும். தனசேகருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஈப்போவில் இருக்கிற தங்கை ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொல்லி, பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. தீபாவளிக்குள் ஆப்பரேஷன் என்று பேச்சு. அதுவரை அவரை இந்த மேட்டுக்குக் கொண்டுவந்து கொண்டுபோக வேண்டும். கோகிலவாணிக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வேரைக் கேட்டேன். அதற்கு ஒரு குரல் உண்டு, ஆண் குரலுமில்லை, பெண் குரலுமில்லை. சுத்தமான தமிழ் பேசும், அம்மா என்பதற்கு மட்டும் மலாயில் புவான் என்னும்.

"ஏம்பா, உனக்குக் கண்ணில்லையா? புக்கிட் மெலூருக்குத் தினமும் அறுபது பேர் வருகிறார்கள். ஒரு நாள் தவறாமல் வருகிறார்கள். அதை எதற்கு எடுக்கிறாய்?"

"வணக்கம், புவான் லோகேஸ்வரி. அவர்கள் வருகிறார்கள் என்பது தெரியும். ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றேழு பேர் மறுபடி வரமாட்டேன் என்று சொல்கிறார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திரும்பி வருகிறார்கள். மறுபடியும் வரமாட்டேன் என்கிறார்கள். நான்கு வருடமாகப் பார்க்கிறேன். இந்த நகரத்தில் வேறெந்த இடத்திலும் இப்படி இல்லை."

"அதனால்?"

"யாரோ அவர்களை விருப்பமில்லாமல் அங்கே வரவழைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். போகும்போது களைத்துப் போகிறார்கள், சிலர் அழுகிறார்கள். போக விரும்பாத இடத்துக்கு மக்களைக் கொண்டு போகக் கூடாது என்பது என் விதி. வழியை எடுத்துவிட்டால் அவர்களுக்கு விடுதலை கிடைக்கும். நான் செய்வது சரிதானே, புவான்?"

அது சரிதானே என்று கேட்டதில் ஒரு பாசம்கூட இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று எந்தத் தமிழனாவது 'வர்றேன்' என்று சொல்வானா? வீட்டை விட்டு ஒரு முழம் நகர்ந்தாலும் போய்ட்டு வர்றேன் என்று சொல்கிற அதே வாய், சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மூடிக்கொள்ளும். சொல்லாமல் கிளம்பிவிடுவோம். அங்கே வருவேன் என்றால் மறுபடி அதே காரணத்துக்காக வருவேன் என்று ஆகிவிடும். சின்னக் குழந்தைக்குத் தெரியும். என் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போனபோது நானே யோசிக்காமல் சிவப்பைத்தான் அமுக்கினேன்! அங்கெல்லாம் டாக்டர், நர்ஸ், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று ஆயிரம் பேர் பச்சை அமுக்கிவிடுவதால் தெரியவில்லை. புக்கிட் மெலூரில் இருப்பதோ நோயாளிகளும், அவர்களைக் கூட்டி வருகிறவர்களும், இரண்டு நர்சுகளும் மட்டும். அதிலும் முக்கால்வாசி நம் ஆட்கள். மீதியில் பாதி சீனர்கள், அவர்களுக்கும் இதே பழக்கம் உண்டு. நான் ஒரு தமிழச்சி, இந்தக் கேள்வியை யோசித்துச் சொன்னவள், எனக்கு அந்த ஐஸ் கச்சாங் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"அது எங்கள் வழக்கம்பா. அவர்களுக்கு அங்கே வந்தாக வேண்டும். வராவிட்டால் செத்துப்போவார்கள். ஆனால் வாயால் சொல்ல மாட்டார்கள்" என்றேன்.

"வர வேண்டும், ஆனால் வருவேன் என்று சொல்ல மாட்டார்கள். எனக்குப் புரியவில்லை, புவான். பயணி சொல்வதை நான் நம்ப வேண்டுமா, நீங்கள் சொல்வதை நம்ப வேண்டுமா?"

சட்டப்படி பயணியைத்தான் நம்ப வேண்டும். அந்தச் சட்டத்திலும் என் கையெழுத்து உண்டு. கேள்வியை மாற்றக் குழு கூட வேண்டும், அதற்கு வருடக் கடைசி ஆகும்.

ஒரு நாள் விட்டு மறுநாள் மேட்டுக்கு ஓடினேன். இன்னதை அமுக்குங்கள் என்று விளக்குநர் சொல்லக் கூடாது. ஏன் இப்படி நடந்தது என்று மட்டும் சொல்லலாம். சொன்னேன். படுக்கையில் இருந்தவர்கள், நாற்காலியில் காத்திருந்தவர்கள், எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகு தனசேகர் சிரிக்க ஆரம்பித்தார். ஊசி நகர்ந்துவிடும் என்று ஷர்மினி கத்துகிற அளவுக்குச் சிரித்தார்.

"அடப்பாவி! நாம நல்லதுக்குச் சொல்லாம போனா, அது நம்மளக் காப்பாத்தறேன்னு ரோட்டையே பிடுங்குதா! சரி லா, இன்னிலேர்ந்து நான் பச்சை. அமுக்கிட்டுப் போறேன்."

"அமுக்குவீங்க, அமுக்குவீங்க. கைய ஒடிச்சிருவேன்" என்றாள் கோகிலவாணி. குரலில் விளையாட்டே இல்லை.

மற்றவர்களும் அவளைப் போலத்தான். தலையை ஆட்டினார்கள், புரிகிறது என்றார்கள், ஆனால் கதவின் முன்னால் போய் நின்றதும் விரல் சிவப்புக்குத்தான் போனது. மற்றவர்கள் பச்சை அமுக்கிக்கொள்வார்கள், நம் ஒரு விரலால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மிஸ்டர் சியோங் என்று ஒரு சீனக் கிழவர், பத்து நாள் நியாயம் பேசிவிட்டு, பதினோராம் நாள் கண்ணை மூடிக்கொண்டு பச்சையை அமுக்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இருபதாம் நாள் நூற்றுக்கு முப்பத்தைந்து பச்சை. இருபத்துநாலாம் நாள் நாற்பது. அதற்கு மேல் ஏறவில்லை.

இருபத்துநாலாம் நாள் கோகிலவாணியிடம் தனியாகப் பேசினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. உன்னைப் பார்த்துதான் பாதிப் பேர் தயங்குறாங்க. ஒரு பொத்தான், அவ்வளவுதானே? அமுக்கினா ஆகாசம் இடிஞ்சு விழுந்துடுமா? ஸ்டேஷன் போச்சுன்னா உன் புருசனை நீயே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஒரு டம்ளர் கோப்பி ஊற்றினாள். பிறகு சொன்னாள்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சுக்கா. பதினெட்டு வருசம் ஆச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து கெளம்புறப்ப அந்த மலாய் சிஸ்டர் அவ்ளோ நல்லா பாத்துக்கிட்டாங்க. எனக்கு ஒரே சந்தோசம். 'போய்ட்டு வர்றோம் சிஸ்டர்'னு வாயில வந்துருச்சு. அவரு அங்கயே என் கையக் கிள்ளுனாரு. நாலாவது நாளு காய்ச்சல். அதே வார்டு, அதே சிஸ்டர். அப்புறம் நாங்க ரெண்டு பேரு மட்டும்தான் வீட்டுக்கு வந்தோம்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எனக்குத் தெரியும். நூறு டாக்டரு சொல்லியாச்சு. தெரிஞ்சு என்னா செய்ய? அவர உங்க மெஷின் முன்னால நிக்க வச்சு, வர்றேன்னு சொல்லச் சொல்றீங்க. முடியாதுக்கா. தங்கச்சி கிட்னி குடுக்கப்போறா. அவரு இங்க மறுபடி வரவே மாட்டாரு. நான் தூக்கிக்கிட்டு நடக்கறேன், பரவால்ல."

அந்தக் கோப்பியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவளிடம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இருபத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, மெஷினில் படுத்திருக்கும்போதே தனசேகருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. ஷர்மினிக்கு ஏதோ ஜாம் கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். பாதியில் நிறுத்திவிட்டு, "கோகிலா, கொஞ்சம் குளுருது" என்றாராம். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தது. அவரை ஏற்றினார்கள், அவளும் ஏறிக்கொண்டாள். எதுவும் பயன்படவில்லை.

சனிக்கிழமை தகனத்துக்குப் போனேன். எல்லோரையும் போல நானும் சொல்லாமல் கிளம்பி வந்தேன்.

முப்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே நான் புக்கிட் மெலூர் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாலை நாலு மணிக்கு நாற்பத்திரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். பச்சை பதினேழு, சிவப்பு இருபத்தைந்து. இன்னும் கடைசி வேளை ஆட்கள் மட்டும் வெளியே வர வேண்டும். விளக்குநர் பதில் கணக்கில் வராது, எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இதே நிலை நீடித்தால் பெருச்சாளி மறுநாள் காலை ஆறு மணிக்கு வரும் என்று வேர் செய்தியும் அனுப்பிவிட்டது.

அப்போதுதான் கோகிலவாணி சென்டர் வாசலில் தெரிந்தாள். முந்தின நாள்தான் பால் தெளித்திருந்தார்கள், அக்கம்பக்கத்தார் வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். கையில் அந்தப் போர்வை, அவர் செருப்பு ஜோடி, பிளாஸ்க். அவர் பொருள்கள் நாலு நாளாக அங்கேயே கிடந்ததால் எடுத்துப் போக வந்திருக்கிறாள். எந்தப் பெட்டியில் வந்து இறங்கினாளோ, நான் கவனிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கடைசி வேளை ஆட்கள், நர்சுகள் இருவரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர், மெல்ல நடந்து வந்தார்கள். யாரும் அவளை முந்தவில்லை.

கதவு கேட்டது. 'இங்கே மறுபடி வருவீர்களா?'

அவள் நின்றாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். அமுக்கு என்று சொல்லவா போனேன்? சத்தியமாக இல்லை. அந்தக் கதவை ஓங்கி ஒரு உதை விட்டு, அவளை அப்படியே உள்ளே கூட்டிப்போய்விடலாம் என்றுதான் போனேன். புருசனைப் பறிகொடுத்த இடத்தில் ஒருத்தியை நிறுத்தி, மறுபடி வருவாயா என்று கேட்கிற கேள்வியை யோசித்தவள் நான்!

"லோகாக்கா, கண்ணு தெரியல. இதுல எது பச்சை?" என்றாள்.

கையால் காட்டினேன்.

"கோகிலா, வேணாம்டி" என்று வரிசையில் யாரோ ஒரு பெண் சொன்னாள்.

அவள் திரும்பினாள். "எனக்கு இனிமே என்னா வரணும்? வர வேண்டியது எல்லாம் வந்துருச்சு. நான் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆவாது." பிறகு கதவைப் பார்த்து, ஒரு ஆளிடம் சொல்வது போலவே வாய்விட்டுச் சொன்னாள். "வர்றேன்."

பச்சையை அமுக்கினாள். கதவு திறந்தது. செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டியில் ஏறிப் போய்விட்டாள்.

பிறகு அந்த 'வேணாம்டி' சொன்ன பெண்ணே முதலில் வந்து பச்சையை அமுக்கினாள். அடுத்தவர் அமுக்கினார். அதற்கடுத்தவரும். ஐந்து பேர் அப்போதும் சிவப்பைத்தான் அமுக்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொத்தம் அறுபத்தொன்று. பச்சை முப்பத்தொன்று, சிவப்பு முப்பது.

ஷர்மினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பெருச்சாளி வராது.

மறுநாள் காலை வேர் என்னைக் கூப்பிட்டது.

"புவான், நேற்றைய பதில்களில் ஒன்று பொய்யாக இருக்கலாம். கோகிலவாணி என்ற பயணிக்குப் புக்கிட் மெலூரில் இனி எந்தத் தேவையும் இல்லை. அவர் கணவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வருவேன் என்று சொன்னவர் ஏழு நாளுக்குள் வராவிட்டால், அந்தப் பதிலை நீக்க வேண்டும் என்பது விதி."

நீக்கினால் அறுபதில் முப்பது. சரிபாதி. பாதிக்கு மேல் இல்லை.

"அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாமா?"

"ஒரு பயணியைப் பயணம் செய்யும்படி விளக்குநர் கேட்கக் கூடாது, புவான். கேட்டால் அந்தப் பயணம் கணக்கில் வராது."

அதுவும் என் கையெழுத்துப் போட்ட விதிதான். ஆனால் உண்மையைச் சொன்னால், விதியே இல்லாவிட்டாலும் எனக்கு வாய் வந்திருக்காது. துக்க வீட்டுக்குப் போன் போட்டு, அம்மா, நீ அந்த இடத்துக்கு இன்னொரு தடவை வந்து போ என்று எந்த முகத்தோடு சொல்வது? புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை போனைக் கையில் எடுத்து, அவள் பெயர் வரைக்கும் போய், கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. ஷர்மினியிடமும் சொல்லவில்லை. அவள் நிம்மதியாக இருந்தாள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை, மறுபடியும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காலை வேளை ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மதியம் ஆனது. மூன்று மணி ஆனது. ஒவ்வொரு பெட்டி வந்து நிற்கும்போதும் எட்டி எட்டிப் பார்த்து என் கழுத்து வலித்தது.

மூன்றே காலுக்கு வந்த பெட்டியிலிருந்து கோகிலவாணி இறங்கினாள். வெள்ளைச் சேலை. கையில் அதே பிளாஸ்க், இன்னொரு கையில் ஒரு பெரிய டிபன் கேரியர்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்னாம்மா, இங்க?"

"சொல்லிட்டேன்லக்கா, வர்றேன்னு" என்றாள். இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள். "சொல்லிட்டு வராம இருந்தா எப்படி? அந்த வார்த்தை சும்மா வுடாது. இத்தன நாளும் எந்திரிக்கவே முடியல. இன்னிக்கு என்னாவோ, அவரு கிள்ளுன மாதிரி இருந்துச்சு." டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டினாள். "கடைசி வேளை ஆளுங்களுக்குத் தோசை. மெஷின்லேர்ந்து எந்திரிக்கறப்ப அவருக்கு அகோரப் பசி எடுக்கும். உப்பு கம்மியாத்தான் போட்டேன்."

அவளுக்கு ஏழு நாளும் தெரியாது, விதியும் தெரியாது. இன்றுவரை தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

உள்ளே போனாள். சத்தம் கேட்டது, ஷர்மினி கூப்பாடு போட்டாள், மிஸ்டர் சியோங் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காலிப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். கதவுக்கு எதிரே வந்ததும், அது கேட்டு முடிக்குமுன்பே பச்சையை அமுக்கினாள். அப்படியே நின்று, கதவோரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஏழு நாளும் அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது போலிருந்தது.

என் காதுக் கருவியில் வேரின் குரல் கேட்டது.

"புவான் லோகேஸ்வரி, அவர் வந்துவிட்டார். பதில் உண்மை என்று பதிந்துகொண்டேன். நிலையம் இருக்கும்."

"சரிப்பா."

"ஒரு சந்தேகம். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?"

"இல்லை."

"வர வேண்டிய தேவையும் இல்லை. மறுபடியும் வருவேன் என்று தானாகவே சொல்கிறார். அப்படியென்றால் ஏன் அழுகிறார்?"

விளக்குவதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். முதல்ல ஒரு பெட்டியை அனுப்பு" என்றேன். "உட்கார இடம் இருக்கிற பெட்டியாப் பார்த்து அனுப்பு. அவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க."